நாக்கில் சிக்கிய நூல்

காலையில் கால்நடை மருந்தகக் கதவைத் திறந்ததும் உள்ளே வந்தது மாடுமில்லை, ஆடுமில்லை, ராமாயி. எருமப்பட்டிப் பக்கம் பண்ணையம் பார்க்கும் அருணகிரியிடம் அவள் கணவன் மணியன் வேலை செய்கிறான். முந்தின நாள் மாலை அருணகிரியின் கறவைப் பசு மரவள்ளித் தழை தின்று செத்துப்போனது. மணியன் ஒழுங்காகக் கட்டாமல் போனதால்தான் பசு அவிழ்த்துக்கொண்டு போய் மேய்ந்தது என்று முடிவுகட்டி, அவனை மோட்டார் அறையில் தள்ளிப் பூட்டிவிட்டார்கள்.

"தப்பை ஒத்துக்கற வரைக்கும் உட மாட்டாங்களாமுங்க டாக்டரம்மா," என்றாள் ராமாயி. "அவருக்கு மூச்சு இளுப்பு இருக்குதுங்க. அந்த ரூமுல சன்னலே இல்லீங்க."

கால்நடை மருத்துவர் சத்யபிரியா பையை எடுத்துக்கொண்டார். உதவியாளர் தீனதயாளன் அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தார். ஊசி போடுவதைவிடத் துப்புத் துலக்குவதில்தான் அவருக்கு ஆசை அதிகம்.

மோட்டார் அறை தகரக் கதவோடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. குழாய் போகும் ஓட்டை வழியே நான்கு விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளே இருமல் நிற்கவில்லை. கதவைத் திறக்கச் சொன்னார் சத்யபிரியா. அருணகிரி சாவியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, போலீசைக் கூப்பிட்டாலும் அவர்கள் பிடித்துப் போகப்போவது மணியனைத்தான் என்றார். வேண்டாமுங்க என்று ராமாயி கையெடுத்துக் கும்பிட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் புருசனுக்குப் பூட்டுதான்.

வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில். அதன்மேல் பாதிக் குஞ்சம் கட்டிய பட்டுச்சேலை, ரோஸ் நூல்கண்டு, ஒரு சின்னக் கத்தரிக்கோல். மருமகள் தேவிப்ரியா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். இளம்பிள்ளை ஊர்த் தறிக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்தது இந்தத் தையில்தான். அமாவாசை என்று நேற்று எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டதாகவும், வீட்டுக்குக் காவலாக மருமகளை விட்டுப் போனதாகவும் மாமியார் ராசம்மாள் சொன்னாள். மணியன் பசுவை வேம்பில் கட்டிவிட்டுப் பொழுதோடு கிளம்பிவிட்டானாம்.

பசு வாசலை ஒட்டிய மரவள்ளிக் காட்டு வரப்போரம் கிடந்தது. ஓரச் செடிகளின் இலைகளில் பிறை பிறையாகக் கடித்த அடையாளம்.

"பசு கடிச்சது பளிச்சுனு தெரியுதுங்க மேடம்," என்றார் தீனதயாளன். "இல்லாட்டி, ஏதாச்சும் ஆடா இருக்குமுங்களா?"

சத்யபிரியா பசுவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். வாயைத் திறந்து பிடிக்கச் சொல்லி, நாக்கை இழுத்து நெடுநேரம் தடவினார். கன்னத்துக்குள் விரலை விட்டுக் கொஞ்சம் தழையை எடுத்தார். பிறகு நாக்கின் நடுவிலிருந்து எதையோ மெல்ல உருவினார். கையைக் கழுவிக்கொண்டு எல்லோரையும் மோட்டார் அறை முன்னால் வரச் சொன்னார்.

"பசுவுக்கு மேல்தாடையில முன்பல் உண்டுங்களா?" என்று அருணகிரியைக் கேட்டார்.

அருணகிரிக்குச் சிரிப்பு வந்தது. "என்னங்க இது? மாடு புடிக்கப் போனா கீழ்ப்பல்லைத்தானுங்க எண்ணுவோம். மேல வெறும் ஈறுதான். நடக்கத் தெரிஞ்ச புள்ளைக்கும் தெரியுமே."

"அப்போ இலையில பிறை மாதிரி எப்படிங்க கடிக்கும்? அது நாக்கை வளைச்சுச் சுத்தி, கொத்தோட இழுத்துப் பிய்க்கும். தழை நார்நாராக் கிழிஞ்சிருக்கணும். ஆட்டுக்கும் மேல முன்பல் கிடையாது, தீனா. இந்த வரப்பு இலையை எந்த மாடும் தொடலை. மாடு கடிச்ச மாதிரி தெரியட்டும்னு யாரோ கத்தரிக்கோலால வெட்டியிருக்காங்க. மாடு கட்டற வீட்டுல பொறந்தவங்க இப்படி வெட்டவே மாட்டாங்க."

அருணகிரியின் சிரிப்பு நின்றது.

"கன்னத்துல இருந்த தழை காம்போட, ஒரே வாக்குல அடுக்கினாப்புல இருக்குது. யாரோ கட்டாக் கட்டி ஊட்டியிருக்காங்க. பசு நாக்குல மேடு ஒண்ணு இருக்கு; அதுக்கு முன்னால ஒரு பள்ளம். நாக்கு முள்ளெல்லாம் தொண்டையைப் பார்த்துப் படுத்திருக்கும். உள்ளே போனது திரும்பி வராது. அங்கே இது சிக்கியிருந்துச்சு."

உள்ளங்கையை விரித்தார். அதில் ஒரு துண்டு ரோஸ் நூல், முடிச்சு அவிழாமல்.

வாயில்லா ஜீவன் என்று சொல்கிறோம். செத்த பிறகு அதன் வாய்தான் உண்மையைச் சொன்னது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று இராத்திரி முழுக்க ஒருவன் மூச்சுக்குத் திணறியிருக்கிறான்.

தேவிப்ரியா சொம்பைக் கீழே வைத்தாள்.

"அமாவாசைக்குப் பசுவுக்குக் கீரை குடுன்னு அத்தை சொல்லிட்டுப் போனாங்க. எங்கூருல அகத்திக்கீரையைக் கட்டாத்தான் குடுப்போம். இங்க அகத்தி எங்க இருக்குதுன்னு தெரியலீங்க. எது கேட்டாலும், இது கூடத் தெரியாதான்னு சிரிப்பாங்க. வாசலைத் தாண்டிப் போகவும் உடமாட்டாங்க. பச்சையா இருந்ததைப் பறிச்சுக் கட்டிக் குடுத்தேன். தின்னுட்டுத் தள்ளாடுச்சு. பயந்துபோயி அவுத்துவுட்டு, அதுவே மேஞ்சாப்புல இருக்கட்டும்னு வரப்பு இலையைக் கத்தரிச்சு வெச்சேன்." மோட்டார் அறைப் பக்கம் திரும்பினாள். "அவரைப் பூட்டுவாங்கன்னு நினைக்கலீங்க. ராத்திரி பூரா இருமறது கேட்டுச்சு. வாயைத் திறக்கத் தைரியம் வரலை."

ராசம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கீரை என்று சொன்னவள், எந்தக் கீரை என்று சொல்லவில்லை.

அருணகிரி போய்ப் பூட்டைத் திறந்தார். மணியன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கி மூச்சை இழுத்தான். ராமாயி ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். திறந்த பூட்டு சாவியோடு அருணகிரியின் கையிலேயே இருந்தது.

தேவிப்ரியா அதையே பார்த்தாள். "இனி என்னைய உள்ள போடுவீங்களா, மாமா?"

அருணகிரி கையிலிருந்த பூட்டைக் குனிந்து பார்த்தார்.

ராமாயி கணவனை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். தேவிப்ரியாவை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லாமல் இல்லை. பிறகு அருணகிரியிடம் கையை நீட்டினாள்.

"அதை இப்படிக் குடுங்க."

அதுவரை அந்த வாசலில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. அவர் கொடுத்தார். ராமாயி பூட்டையும் சாவியையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இது எங்கூட்டுல இருக்கட்டுமுங்க," என்றவள் தேவிப்ரியா பக்கம் திரும்பினாள். "அகத்தியும் அங்கதான் நிக்குது, அம்மணி. வர்ற அமாவாசைக்கு நீங்களே நடந்து வந்து பறிச்சுக்குங்க."