மூன்றாவது கோடு

பலூன் உடைந்தால் சுட்டவர் கெட்டிக்காரர். உடையாவிட்டால் துப்பாக்கி சரியில்லை. பலூன் சுடும் கடை வைத்திருக்கும் எமில்டாவுக்கு இது கேட்டுக் கேட்டுப் பழகிப்போன பேச்சு. ஆனால் இந்தத் தடவை துப்பாக்கி உண்மையிலேயே சரியில்லை.

தூத்துக்குடியில் மாதா கோவில் திருவிழா தொடங்கிய அன்று, வண்டியிலிருந்து இறக்கும்போது ஏர்கன் கை நழுவிக் கீழே விழுந்துவிட்டது. குறி பார்ப்பதற்காகக் குழலின் நுனியில் இருந்த சின்ன முள் ஒடிந்து எங்கேயோ தெறித்துப் போனது. எமில்டாவும் அவள் மகள் விஜிலாவும் மண்ணைச் சலித்துத் தேடினார்கள். சோடா மூடி கிடைத்தது. யாருடையதோ ஒற்றைக் கம்மல் கிடைத்தது. முள் மட்டும் கிடைக்கவில்லை.

விஜிலா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கடையில் பலூன் ஊதுவது அவள் வேலை. எல்லாவற்றையும் எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் ஊத வேண்டும். பெரிதாக ஊதினால் கடல்காற்று அவற்றைச் சும்மா விடாது. ஒன்றோடொன்று மோதவிட்டு வேடிக்கை பார்க்கும்.

ஐந்து குண்டில் ஐந்து பலூனை உடைத்தால் ஒரு கால்பந்து பரிசு. அந்தப் பந்து மேல் விஜிலாவோடு படிக்கும் அமலனுக்கு ஒரு கண். திருவிழாவுக்கு வீட்டில் கொடுத்த காசையெல்லாம் கொண்டுவந்து சுட்டுத் தீர்த்தான். ஒரு பலூன்கூட உடையவில்லை.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னான். "விஜிலா வீட்டுக் கடை ஏமாத்துக் கடை. பந்து குடுக்கக் கூடாதுன்னு துப்பாக்கிய வளைச்சு வச்சிருக்காங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட விஜிலா தாங்கியிருப்பாள். எல்லாரும் அதை நம்பினார்கள். அதுதான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். எமில்டா கோபப்படவில்லை.

"அவன் சொல்லுததுல தப்பில்ல, ஏளா. முள்ளு இல்லாத துப்பாக்கியக் கையில குடுத்தா வேற என்ன சொல்லுவான்? சரி பண்ண முடியலன்னா கடையப் பிரிச்சிருவோம். கெட்ட பேரோட கடை நடத்த வேண்டாம்."

திருவிழாவுக்காக வருடம் முழுக்கக் காத்திருந்தவள் அம்மா. அவள் அப்படிச் சொன்னதும் விஜிலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஃபிராங்க்ளின் மாமா ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து சேர்ந்தார். அவர் எமில்டாவின் தம்பி. மீன்பிடி படகில் போகிறவர். கரையில் இருக்கும் நேரமெல்லாம் செல்போனில் எதையாவது மலிவாக வாங்கிக்கொண்டிருப்பார். பெட்டிக்குள் கறுப்பாக, குட்டையாக ஒரு குழாய்க் கண்ணாடி இருந்தது.

"இது என்னது மாமா?"

"ஸ்கோப்பு. இதுல கண்ண வச்சுப் பாத்தா பலூன் மூக்குக்குப் பக்கத்துல வந்து நிக்கும். குறி முள்ளே வேண்டாம்."

விஜிலா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். அதில் துப்பாக்கிப் படம் இல்லை. கட்டையில் பொருத்திய வில்லின் படம் இருந்தது.

"மாமா, வில்லு படம்லா போட்டிருக்கு?"

"ஆமா, 'கிராஸ்போ'ன்னு ஒண்ணு இருக்கு. விசையத் தட்டுனா அம்பு போகும். அதுக்குன்னு உள்ள ஸ்கோப்பு இது. துப்பாக்கி ஸ்கோப்பு வெல கூட. அம்போ குண்டோ, பாக்குத கண்ணு ஒண்ணுதான" என்றார் மாமா.

மாமா அதைத் துப்பாக்கியின் முதுகில் வைத்துத் திருகினார். மறுநாள் மதியம் ஆளில்லாத கடற்கரைப் பக்கம் கொண்டுபோனார். தொலைவில் இருந்த மணல்மேட்டில் ஒரு பழைய கேனை வைத்துச் சுட்டுப் பார்த்தார். ஸ்கோப்பில் குறியை ஏற்றி இறக்கும் ஆணிகளை இப்படியும் அப்படியும் திருகி, கேனில் குண்டு படும் வரைக்கும் விடவில்லை. திரும்பி வரும்போது அவர் நடையே மாறியிருந்தது.

"அவ்வளவு தூரத்துல அடிச்சிட்டேன். கடையில பலூன் பத்தடி தள்ளித்தான் இருக்கு. கண்ண மூடிக்கிட்டே அடிக்கலாம்" என்றார்.

சாயங்காலம் கடை திறந்ததும் மாமாவே முதல் ஆளாக நின்றார். கண்ணை மூடவில்லை. திறந்துகொண்டுதான் சுட்டார். படவில்லை. மறுபடி சுட்டார். பலூன்கள் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. பின்னால் வந்தவர்களுக்கும் அதே கதிதான்.

கூட்டத்தில் அமலன் நின்றிருந்தான். "இப்பம் ஏமாத்துக்குக் கண்ணாடி வேற போட்டுட்டாங்க" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். விஜிலாவுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னான்.

எமில்டா துப்பாக்கியை வாங்கித் துணியில் சுற்றினாள். "போதும் ஃபிராங்க்ளின். நாளைக்குக் கடையப் பிரிச்சிருவோம்."

மாமா ஆணியைத் திருகிப் பார்த்தார். மதியம் திருகிய திருகில் அது வழுக்கிப்போய்ச் சும்மா சுற்றியது. மலிவாக வாங்கிய பொருள் தன் குணத்தைக் காட்டிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. பலகையில் கட்டியிருந்த பலூன்களை விஜிலா ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அப்போதுதான் கவனித்தாள். ஒவ்வொரு பலூனுக்கும் நேர் கீழே, மூன்று விரல் தள்ளி, பலகையில் புதிதாகக் குண்டு பட்ட குழி இருந்தது. வலப்பக்கம் இல்லை, இடப்பக்கம் இல்லை. எல்லாமே கீழே. வளைந்த துப்பாக்கி இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்யுமா?

அவளுக்குப் போன மாதம் கடலுக்குப் போனது நினைவுக்கு வந்தது. லீவு நாளில் மாமா அவளைப் படகில் கூட்டிப் போயிருந்தார். கடலுக்கடியில் மீன் கூடும் பாறைக்கு 'பார்' என்று பெயர். பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க மாமா தண்ணீரைப் பார்க்கவே இல்லை. கரையைப் பார்த்தார். கோவில் கோபுரமும் அதற்குப் பின்னால் தள்ளியிருந்த புகைக்கூண்டும் ஒரே கோட்டில் வந்ததும் நங்கூரத்தைப் போட்டார். படகு கொஞ்சம் நகர்ந்தாலும் கோபுரம் ஒரு பக்கமும் புகைக்கூண்டு ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும்.

"மாமா, கொஞ்சம் இங்கன வாங்க" என்று கூப்பிட்டாள். "கண்ணாடி மேல இருக்கு. குழல் கீழ இருக்கு. கண்ணு ஒரு வழியாப் போகுது, குண்டு ஒரு வழியாப் போகுது. ரெண்டும் ஒரு இடத்துலதான சேரும்? நீங்க அந்தக் கேன்ல சேத்துட்டீங்க. பலூன் அதுக்கு ரொம்ப முன்னாலயே இருக்கு. இங்கன குண்டு இன்னும் கீழதான வருது?"

மாமா தலையைச் சொறிந்தார். "கோபுரமும் கூண்டும் சேராத இடத்துல நங்கூரத்தப் போட்ட மாதிரில்லா ஆயிருச்சு" என்றார். பிறகு முகம் வாடியது. "ஆணிதான் வழுக்கிருச்சே. இனி எப்படித் திருப்ப?"

விஜிலா ஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். உள்ளே ஒன்றின்கீழ் ஒன்றாக நிறையக் கோடுகள் தெரிந்தன.

"இத்தன கோடு எதுக்கு மாமா?"

"அம்பு போகப் போகத் தாழும்லா. தூரம் கூடக் கூட ஒவ்வொரு கோடா கீழ வரணும். நமக்கு அது வேண்டாம். பக்கத்துல சுடுததுக்கு மேல் கோடுதான்."

விஜிலா கீழே இருந்த கோட்டைப் பலகையில் பலூன் கட்டும் ஆணிக்கு நேராக வைத்தாள். குழல் நுனி மெல்ல மேலே எழும்பியது.

"கீழ்க்கோட்ட வச்சா குழல் ஏறுது மாமா. நமக்கும் குண்டு மேலதான போகணும்?"

மாமா ஓடிப்போய் எமில்டாவைக் கூட்டிவந்தார். அம்மா பக்கத்தில் நிற்காமல் விஜிலா துப்பாக்கியைச் சுடக் கூடாது என்பது கடையின் சட்டம்.

பலகையில் ஒரு பலூனைக் கட்டினார்கள். விஜிலா இரண்டாவது கோட்டில் வைத்துச் சுட்டாள். குழி பலூனை ஒட்டிக் கீழே விழுந்தது. மூன்றாவது கோட்டில் வைத்துச் சுட்டாள். பலூன் 'டப்' என்று உடைந்தது. இன்னொன்று கட்டினார்கள். அதுவும் உடைந்தது.

எமில்டா மகளின் தலையைப் பிடித்துத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "கடையப் பிரிக்க வேண்டாம்" என்றாள்.

அன்று மாலை அமலன் வந்தான். கையில் காசிருந்தாலும் முகத்தில் நம்பிக்கை இல்லை. மாமா விஜிலாவின் காதில் சொன்னார். "இவன்ட்ட மட்டும் சொல்லாத. உன்ன எவ்வளவு பேசுனான்."

விஜிலாவுக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது. வகுப்பில் அவன் பேசிய பேச்சு இன்னும் வலித்தது. ஆனால் சொல்லாமல் சுடவிட்டால் அதற்குப் பெயர் ஏமாற்றுதான். அப்புறம் அமலன் சொன்னதே உண்மையாகிவிடும்.

"ஏலே அமலா, உள்ள நிறையக் கோடு இருக்கும். மேல இருந்து மூணாவது கோட்டப் பலூன்ல வச்சுச் சுடு" என்றாள்.

அமலன் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். இருந்தாலும் மூன்றாவது கோட்டில் வைத்தான். முதல் பலூன் உடைந்தது. அவன் வாய் திறந்தபடியே இருந்தது. இரண்டாவது உடைந்தது. மூன்றாவது, நான்காவது. கூட்டம் சேர்ந்துவிட்டது. கால்பந்து தலைக்கு மேலே கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது குண்டு பலூனை உரசிக்கொண்டு போய்ப் பலகையில் பதிந்தது.

எல்லாரும் அமலனைப் பார்த்தார்கள். எமில்டா வழக்கமான பேச்சைக் கேட்கத் தயாராக நின்றாள்.

அமலன் துப்பாக்கியைக் கவனமாகக் கீழே வைத்தான். "துப்பாக்கி சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் கை ஆடிருச்சு" என்றான். பிறகு விஜிலாவைப் பார்த்து, "திங்கக்கிழம கிளாஸ்லயும் சொல்லிருதேன்" என்றான்.

எமில்டா சிரித்துவிட்டாள். "இத்தன வருசமாக் கட போடுதேன். இந்த வார்த்தைய இங்கன நின்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

அமலன் பையைத் துழாவினான். இன்னொரு ஆட்டத்துக்குக் காசிருந்தது.

விஜிலா அவனுக்காகப் புதிதாக ஐந்து பலூன் ஊதினாள். நான்கு, எலுமிச்சம்பழம் அளவு. ஐந்தாவதை மட்டும் கொஞ்சம் பெரிதாக ஊதினாள்.