வெட்டுப்பட்ட சின்னத் தண்டு

போட்டி அன்று காலை காளீஸ்வரி ராஜபாளையத்தில் ஜோயலின் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது, அவன் கண்ணாடி முன் நின்று டை கட்டிக்கொண்டிருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபத்தில் நடக்கவிருந்த ஆர்க்கிட் மலர்ப் போட்டிக்கு அவன்தான் அதிகாரபூர்வப் புகைப்படக்காரன். சங்கம் அவனுக்குக் கொடுப்பது மதியச் சாப்பாடு மட்டும்; 'அதிகாரபூர்வ' என்ற சொல்லுக்காகத்தான் டை.

"வெள்ளத்தாய் மேடம் மாடியில இருக்காகளா?" என்றாள்.

வெள்ளத்தாய் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். காணாமல் போன கோழியிலிருந்து கல்யாண நகை வரை ஊர் வழக்கெல்லாம் அவரிடம்தான் வரும். தான் இல்லாமல் அவருக்கு எந்த வழக்கும் துலங்காது என்பது நாற்பது வயது ஜோயலின் நம்பிக்கை. அவர் அதை மறுத்ததில்லை. ஒப்புக்கொண்டதும் இல்லை.

காப்பித் தம்ளரோடு இறங்கி வந்து, "அழாம சொல்லு தாயி" என்றார்.

"எஞ் சேக்காளி ஹம்ஸாவோட செடியில ஒரு பூத்தண்டை யாரோ வெட்டிட்டாக மேடம். காலையில பாத்திருக்கா. நாந்தான் வெட்டுனேன்னு சொல்லுதா. இனிமே எம் படி மிதிக்காதேன்னு போன்லயே சொல்லிட்டா."

"உன்னைய எதுக்குச் சந்தேகப்படுதா?"

"நேத்துச் சாயங்காலம் ஒத்தாசைக்குப் போனேன். மாடியில செத்த நேரம் தனியா நின்னேன். பையில பிளேடு கெடந்துச்சு. எஞ்செடியும் அதே பிரிவுல போட்டிக்கு நிக்குது. வேற என்ன வேணும்?"

"வெட்டுக்காயம் எப்படி இருக்கு?"

"எங்க பாக்க விட்டா? வெட்டுன எடம் அழுகாம இருக்க மஞ்சத்தூள் வச்சாளான்னுகூடத் தெரியலை. அவ பட்டைத்தூள்தான் வைப்பா, நான் மஞ்சள். எது நல்லதுன்னு இத்தனை வருசமா அதுக்கே சண்டை போடுவோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பரிசு யாருக்கும் போகட்டும் மேடம். அவ என்னையக் கள்ளின்னு நெனைக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

ஜோயலின் ஆம்னி வண்டியில் மூவரும் கிளம்பினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹம்ஸா வீட்டு வாசலில் காளீஸ்வரி இறங்கினாள், படியேறவில்லை.

மொட்டை மாடியில், நிழல்வலைக்குக் கீழே செடியின் பக்கத்தில் ஹம்ஸா உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். எதிரே சங்கத் தலைவர், ஆர்க்கிட் செம்மல் பாலகணேஷ். செம்மல் பட்டத்தை அவருக்கு வழங்கிய விழாவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஓரமாக ஹம்ஸாவின் கணவர் சுந்தரராஜன் நின்றார். இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவதாக மேடைதோறும் பெருமையாகச் சொல்பவர்.

"புது வெட்டு உள்ள செடி போட்டிக்குத் தகுதியற்றது. விதியை நானே மீற முடியாது" என்றார் பாலகணேஷ். விதியை எழுதியவர் என்ற பெருமை குரலில் இருந்தது.

வெள்ளத்தாய் குனிந்து பார்த்தார். கரி நிரப்பிய தொட்டியில் டென்ட்ரோபியம் ரக ஆர்க்கிட். ஒரு தண்டில் ஊதாப் பூக்கள் வரிசையாக மலர்ந்து நின்றன. அடுத்த தண்டு இருந்த இடத்தில் குட்டையான மிச்சம்; அதன் நுனியில் பழுப்பு நிறப் பொடி. விரலால் தொட்டு முகர்ந்தார்.

"பட்டைத்தூள். நீ வச்சியா?"

"நான் தொடவே இல்லைக்கா. பாத்ததுமே போனைத்தான் எடுத்தேன்."

"வெட்டுப்பட்ட தண்டு இதைவிடப் பெருசா?"

"சின்னது. பூவும் கம்மி. இதுதான் அழகு."

ஜோயல் அவர் காதருகே போனான். "மேடம், காயத்துக்குப் பொடி வைக்கணும்னு செடி வளக்கிறவுகளுக்குத்தான் தெரியும். காளீஸ்வரிதான்."

"கெடுக்க வந்தவ நோஞ்சான் தண்டை வெட்டி, மருந்தும் போட்டுட்டா போவா? நேத்து நீ எடுத்த படத்தைக் காட்டு."

முந்தின நாள் மதியம் தலைவர் செடியைப் பார்வையிட வந்தபோது ஜோயல் எடுத்த படங்கள். பாலகணேஷ் கண்ணை மூடி, பெரிய தண்டின் பூக்களுக்குள் மூக்கைப் புதைத்திருந்தார். பின்னால் காப்பித் தட்டோடு சுந்தரராஜன்.

"ஆகா, என்ன நறுமணம்" என்று நினைவுகூர்ந்தார் பாலகணேஷ்.

"அண்ணாச்சி, இந்த ரகத்துக்கு வாசனையே கிடையாது" என்றாள் ஹம்ஸா. அந்தத் துக்கத்திலும் அவளால் அதை விட முடியவில்லை. செம்மல் தொண்டையைச் செருமிக்கொண்டு வானிலையைக் கவனித்தார்.

வெள்ளத்தாய் எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"வாசனை இருக்கோ இல்லையோ, மோந்தது மோந்ததுதான். மோந்த பூவைச் சாமிக்கு வைக்க மாட்டாக. நல்ல தண்டை விட்டுட்டு நோஞ்சானை எடுத்தவருக்கு அந்தப் பூ சாமிக்கு வேண்டியிருந்திருக்கு. பெரிய தண்டை மோந்தது அவருக்குத் தெரியும். காளீஸ்வரி வந்தது சாயங்காலம். அவளுக்கு அது தெரியாது. அதோட, அவ கை மஞ்சளைத்தான் தேடும்."

ஜோயல் மனசுக்குள் எண்ணினான். மோந்தது தெரிந்தவர்கள் ஹம்ஸா, பாலகணேஷ், சுந்தரராஜன். நாலாவது ஆள் நினைவுக்கு வந்ததும் டையைத் தளர்த்தினான். "மேடம், நானும் பாத்தேனே?"

"ஒனக்குப் பட்டை பிரியாணியில போடுறதுன்னுதாம்ல தெரியும், உக்காரு. செம்மல் ஐயா வெட்டியிருந்தா பெரிய தண்டைத்தான் வெட்டியிருப்பாரு. அவர் மோந்தா பூவுக்கே பெருமைன்னு நெனைக்கிறவர். மிச்சம், இந்த வீட்டு அடுக்களையில பட்டைத்தூள் எங்க இருக்குன்னு தெரிஞ்சவர்." அவர் குரல் தணிந்தது. "சார், சாமியை விட்டுட்டீக. ஆனா கை பழகுனதை விடலை, இல்லையா?"

சுந்தரராஜன் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். எந்த மேடையிலும் குறிப்பில்லாமல் பேசுகிற மனிதர் வார்த்தை வார்த்தையாகத்தான் சொன்னார்.

"போன வருசம் தோத்துட்டு வந்து இவ சரியாச் சாப்பிடலை. எனக்குப் பொறுக்கலை. ஆண்டாளுக்குன்னு வேண்டி, விடிஞ்சதும் வெட்டி எடுத்துட்டுப் போனேன். ரெண்டு இருக்கே, ஒண்ணு போதும்னு நெனச்சேன். புது வெட்டு ஆகாதுன்னு தெரியாது."

"கோயிலுக்கா போனீங்க?" ஹம்ஸா நம்பாமல் கேட்டாள்.

"வாசல் வரைக்கும். உள்ளே போகக் கூச்சமா இருந்துச்சு, தெரிஞ்சவங்க பாத்துட்டா? பூக்காரம்மாகிட்ட கொடுத்து மாலையில சேர்த்துக் கட்டச் சொன்னேன். திரும்பி வந்தா நீ காளீஸ்வரியைத் திட்டிக்கிட்டு இருக்கே. அப்பவே சொல்லியிருக்கணும்."

செடி ஜெயிக்க வேண்டி அந்தச் செடியையே போட்டியிலிருந்து விலக்கிவிட்ட பக்தரை ஜோயல் படம் எடுக்கப் போனான். வெள்ளத்தாய் கேமராவின் மேல் கையை வைத்தார்.

ஹம்ஸா எழுந்து கணவர் அருகே வந்தாள். திட்டுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அவர் கைவிரலில் ஒட்டியிருந்த பழுப்புப் பொடியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"பட்டைத்தூள் வைக்கவாவது தெரிஞ்சுதே" என்றாள். பிறகு மடமடவென்று படியிறங்கினாள். ஜோயலும் பின்னால் ஓடினான்.

தெருவில் ஆம்னியின் நிழலில் காளீஸ்வரி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஹம்ஸா அவள் எதிரே போய் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

யார் வெட்டியது என்று காளீஸ்வரி கேட்கவில்லை. தோழியின் முகத்தைப் பார்த்தாள். அது போதுமாக இருந்தது.

"ஏட்டி, பெரிய தண்டுல கடைசி மொட்டு விரிஞ்சிருச்சா?" என்றாள்.

ஹம்ஸா அவள் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"நீயே வந்து பாரு."