மணி அடிக்கும் வரை

மணி அடித்த பிறகும் கலைமணியின் வலது கை இன்னொரு தட்டுத் தட்டியது. அன்றைக்கு அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழக்கதோஷம் என்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் காப்பி போட எழுந்து போனாள்.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு புளி தட்டுகிறார்கள். ஓடு உடைத்த புளியைக் கல்லில் வைத்து, இடது கையால் புரட்டிப் பிடித்து, சுத்தியலால் ஒரு போடு போட்டால் கொட்டை பிதுங்கும். கலைமணிக்குத்தான் நடுநடுவே போனைப் பார்க்கும் வியாதி. ஒரே ஒரு ரீல்ஸ் என்று எடுத்தால் பொழுதே போய்விடும். அதனால் அந்தப் போனிலேயே டைமர் வைத்தாள். ஓடும்வரை தலை நிமிராமல் தட்டு, மணி அடித்தால் நிறுத்து, கொஞ்சம் காலை நீட்டிக்கொள், மறுபடி வை. வேலை நன்றாகவே ஓடியது. நடுச்சுவர் மெலிசு என்பதால் பக்கத்து வீட்டுத் தங்கம்மாளும் அந்த மணிக்கே தட்டவும் நிறுத்தவும் ஆரம்பித்தாள்.

"நீ டைமரு வெச்சதுலேர்ந்து நான் நாடகமே பாக்கல தெரியுமா," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பாள். "கதையில யாரு செத்தான்னுகூடத் தெரியல."

ஆனால் கை நிற்க மறந்துகொண்டே வந்தது. மணிக்குப் பிறகு ஒரு தட்டு, அப்புறம் நாலைந்து. நேற்று இடது கையால் சுத்தியலைப் பிடுங்க வேண்டியிருந்தது.

"அக்கா, உங்களுக்கும் கை நிக்க மாட்டேங்குதா?"

தங்கம்மாள் பக்கம் இன்னும் இரண்டு தட்டு விழுந்தது. பிறகு, "மணிய இன்னும் சத்தமா வெய்யி கலை," என்றாள்.

கலைமணிக்குத் தன் கையைப் பற்றிய பயம் இல்லை. வீரமணியைப் பற்றித்தான். மரம் உலுக்கிவிட்டு வரும் அவள் புருஷன், நேராக அவளருகே குந்தி, கல்லில் இருக்கும் புளியை விரலால் வழித்து வாயில் போடுவான்.

"மணி அடிக்கறதுக்குள்ள கல்லுகிட்ட கையக் கொண்டாராதீங்க," என்று காலையில் சொன்னாள்.

"ஏன், நசுக்கிப்புடுவியா?"

"வெளையாட்டில்லீங்க."

"ஒரு துளி புளிக்கு இந்த மெரட்டா," என்று சிரித்தபடி வண்டியைக் கிளப்பினான்.

சாயங்காலம் அவன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றுதான் டைமரைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். நாளெல்லாம் காய்ந்த சிமெண்டு ஷீட் கூரை மெல்ல முறுக்கிக்கொள்ளும் சத்தமும், தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்காத புளிப்பு வாடையும், ஈக்களின் ரீங்காரமும், சுவருக்கு அந்தப் பக்கம் தன்னுடைய தட்டோடு இம்மியும் பிசகாமல் விழும் தங்கம்மாளின் தட்டும் சேர்ந்து அவளை மெல்ல மயக்கின. மணி அடிக்கவில்லை. அதற்குள் புளி தீர்ந்துவிட்டது.

கை தட்டியது. வெறுங்கல்லில். இரும்பு கல்லில் மோதி முழங்கைவரை அதிர்ந்தது. போதும் என்றாள். கை கேட்கவில்லை. இடது கையால் சுத்தியலைப் பிடுங்கப் பார்த்தாள். அதுவும் அவள் சொல்லைக் கேட்கவில்லை. தரையில் ஊர்ந்து எதையோ தேடியது. உடைந்த புளியோட்டை எடுத்துக் கல்லில் வைத்தது. தூளானது. புளியின் நாரை வைத்தது. பிறகு போனை.

திரையில் எண்கள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன. அடிக்கவேண்டிய மணி அதற்குள்தான் இருந்தது. உடம்பைப் பின்னால் இழுத்தாள். தோள்கள் வந்தன. கைகள் வரவில்லை. புளியைப் புரட்டுவதுபோலவே இடது கை போனைப் புரட்டியது.

ஒரு போடு. இன்னொன்று.

இனி மணி அடிக்காது.

வெளியே வண்டி வந்து நின்றது.

"உள்ள வராதீங்க," என்றாள். "என்னால நிறுத்த முடியல. போயிடுங்க."

வாசலில் வந்து நின்ற வீரமணி அவள் அழுவதைப் பார்த்தான். நொறுங்கிய போனைப் பார்த்தான். "என்னாச்சு கலை? இங்க குடு அத," என்று குந்தி சுத்தியலுக்குக் கை நீட்டினான்.

இடது கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. கல்லில் அழுத்தியது. புரட்டியது. பதமாக. விரல் முட்டிகள் மேலே தெரியும்படி.

சுத்தியல் விழுந்தது.

தோல் கிழிந்தது. வெள்ளையாக ஏதோ பிதுங்கியது. அவன் அலறினான். உதைத்தான். அவள் விலா எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. பிடி தளரவில்லை. மறுபடி. மறுபடி. சூடான துளிகள் அவள் உதட்டில் தெறித்தன.

"தங்கம்மாக்கா," என்று அவன் சுவரைப் பார்த்துக் கதறினான். "யாராச்சும் வாங்க. கைய நசுக்குறா."

யாரும் வரவில்லை. அந்தப் பக்கத்துத் தட்டு நிற்கவும் இல்லை. அதன் சத்தம் மட்டும் மாறியது. வெறுங்கல். இரும்பு. வெறுங்கல். தங்கம்மாள் வீட்டிலும் புளி தீர்ந்துவிட்டது.

கலைமணியின் இடது கை, அவனுடைய அடுத்த விரலைத் தனியாகப் பிரித்து, கல்லின் நடுவில் வைத்தது.