லோரெட்டாவின் மரம்

ஆண் மான் கொம்பை உரசிப் பட்டையை உரித்த தடம் மனிதனின் இடுப்பு உயரத்தில்தான் இருக்கும். மிஞ்சிப்போனால் நெஞ்சு உயரம். விஸ்கான்சின் காடுகளில் சிறுவயதிலிருந்தே வில்லோடு திரிந்த வெர்னனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் ஓக் மரத்தின் உச்சிக் கிளைகளுக்குக் கீழே, மறைந்திருந்து மான் வேட்டையாடக் கட்டியிருந்த சின்ன இரும்பு இருக்கைக்கு ஏறி வந்தவன், உட்காராமல் அப்படியே நின்றுவிட்டான். இருக்கைக்குப் பக்கத்தில், அவன் முகத்துக்கு நேரே, பட்டை வரிவரியாக உரிந்து உள்மரம் வெளுப்பாகத் தெரிந்தது. ஈரம்கூட இன்னும் காயவில்லை. கீழே பார்த்தான். தரை, இரண்டு மாடிக்குக் கீழே கிடப்பதுபோல் கிடந்தது.

ஏணித் துண்டுகளை மரத்தில் கட்டும்போது லோரெட்டா உரசியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டான். லோரெட்டா அவன் மனைவி. இந்த மரம் அவளுடையது.

வில் வேட்டைப் பருவம் அன்றைக்குத்தான் தொடங்கியிருந்தது. முந்தின நாள் இரவு, வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்காக ஊரே கூடியிருந்த மதுக்கடையில், அவனுடைய பழைய கூட்டாளி கஸ் பிராந்திக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினான்: "மாப்ளே வெர்ன், இந்த வருஷமும் வேட்டை உன் பொண்டாட்டியோடதுதானா? நீ வீட்ல வெங்காயம் உரிச்சு ரெடியா வெச்சிரு!"

"சிரிடா, சிரி. நாளைக்குப் பாரு."

"நான் எதுக்குப் பார்க்கணும்? உங்க வீட்டுச் சுவரே சொல்லுதே!"

சுவர் சொன்னது உண்மை. வரவேற்பறையில் மூன்று மான் தலைகள் தொங்கின, மூன்றும் லோரெட்டாவுடையவை, ஒவ்வொன்றும் முந்தினதைவிடப் பெரியது. வில்லைப் பிடிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே வெர்னன்தான். முதல் வருடம் பெருமைப்பட்டான். இரண்டாம் வருடம் அதிர்ஷ்டம் என்றான். மூன்றாம் வருடம் அவளுடைய மானைக் கயிறு கட்டி இழுத்து வரும்போது, நடக்க நடக்க நெஞ்சுக்குள் ஏதோ கரிந்துகொண்டே வந்தது. மானால் மட்டும் அல்ல. காட்டிலிருந்து இருட்டிய பிறகு திரும்பும் லோரெட்டாவின் முகத்தில் ஒரு சிவப்பு இருந்தது. கை கழுவும்போது தனக்குத்தானே சிரித்தாள். தலையணையில் அவள் கூந்தல் பட்ட இடத்தில் ஈரமண்ணும் கஸ்தூரியும் கலந்த ஒரு வாடை வீசியது, அதை முகர்ந்துகொண்டு அவன் விடியும்வரை விழித்துக் கிடந்தான்.

காலையில் பேச்சு சமையலறையில் முற்றிப்போனது.

"இன்னைக்கு ஓக் மரத்துல நான் உக்காருறேன். நீ ஓடைக்கு அந்தாண்டை என் இடத்துக்குப் போ."

லோரெட்டா ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தினாள். "அது வேணாம், வெர்ன். வேற எந்த மரம் வேணும்னாலும் எடுத்துக்க."

"ஏன்? அங்க யாரு வர்றா?"

"யாரு வருவா? மான் வரும்."

"நிலம் எங்கப்பாவோடது, லோரெட்டா."

"நிலம் உங்கப்பாவோடதுதான்." அவள் மறுபடி வெண்ணெய் தடவினாள். "போறதுன்னா போ. என் துணி எதையும் மட்டும் எடுத்துக்கிட்டுப் போகாத. கேக்குதா?"

கேட்டது. அதனாலேயே, அவள் குளிக்கப் போனதும் ஆணியில் தொங்கிய அவளுடைய கழுத்துத் துணியை எடுத்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டான். மானை இழுக்கும் வித்தை அந்த வாடையில்தான் இருக்கிறதென்றால், அது தனக்கும் உதவட்டுமே.

இப்போது அந்தத் துணி அவன் கழுத்தில் இருந்தது. பாதுகாப்பு வாரை அடிமரத்தோடு சேர்த்துக் கொக்கி மாட்டினான். வில்லைக் கயிற்றால் மேலே இழுத்து அம்பைப் பொருத்தினான். உட்காரப் போனவன் இருக்கையைப் பார்த்தான்.

அதன் மேல் ஓக் கொட்டைகள் குவித்து வைக்கப்பட்டிருந்தன. தாமாக விழுந்தவை அல்ல. ஓடு நீக்கி, தோல் நீக்கி, சுத்தமாக, ஒரு கைப்பிடி அளவுக்கு.

எவனோ அவளுக்காக உரித்து வைத்திருக்கிறான்.

காது மடல் சுட்டது. சுற்றிலும் தேடினான். இருக்கைக்குச் சற்று மேலே, பின்பக்கமாகச் செல்லும் தடித்த கிளையில் பட்டை தேய்ந்து பளபளத்தது, வெகு காலமாக யாரோ வந்து வந்து உட்கார்ந்த இடம்போல. வெடிப்பில் சிக்கியிருந்த முடியை இழுத்தெடுத்துப் பார்த்தான். பழுப்பும் நரையுமாய்த் தடித்த முடி. தாடி முடி என்று நினைத்தான். ஊரில் யாருக்கெல்லாம் தாடி இருக்கிறது என்று வரிசையாக யோசித்தான். கஸ்ஸுக்கு இருக்கிறது, ஆனால் முழங்கால் போனவன் இவ்வளவு உயரம் ஏற மாட்டான். அந்த மரக்கடைக்காரனா? புதிதாக வந்திருக்கும் கால்நடை மருத்துவனா? கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வீசினான். கடைசியாக இருந்ததை வாயில் போட்டுக் கடித்துத் துப்பினான்.

பிறகு உட்கார்ந்தான்.

செப்டம்பர் வெயில் சோளக் கொல்லையின் மேல் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. இலைகள் இன்னும் பச்சையாகவே இருந்தன. கொசுக்கள் காதைச் சுற்றின, அணில்கள் சருகுக்குள் சலசலத்தன, தூரத்தில் யாரோ அறுவடை இயந்திரத்தைக் கிளப்பி நிறுத்தினார்கள், ஒரு நீலப்பறவை திட்டுவதுபோல் கத்திக்கொண்டே ஓடையைத் தாண்டிப் போனது. வெர்னன் இதற்கெல்லாம் பழகியவன். எது எப்போது ஓயும் என்றும் அவனுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு எல்லாம் ஒன்றாக ஓய்ந்தன. அணில்கள் நின்றன, பறவை நின்றது. கொசுக்கள்கூட அவனை விட்டுப் போய்விட்டன, அதைத்தான் அவன் முதலில் கவனித்தான். கையில் அடித்துக்கொள்ள ஒரு கொசு இல்லை.

மான்கள் வந்தன.

ஒன்றன்பின் ஒன்றாக, மூக்கைக் காற்றில் தூக்கிப் பார்க்காமல், வாலை அசைக்காமல், கோயிலுக்குள் நுழைகிற ஜனங்களைப்போல் வந்தன. பெண் மான்கள், புள்ளி மறையாத குட்டிகள், கிளை விடாத கொம்போடு இளம் ஆண் மான்கள். ஓக் மரத்தைச் சுற்றி வட்டமாக நின்றன. அவன் தன் ஆயுளில் மான்கள் இப்படி நின்று பார்த்ததில்லை. எல்லாம் தலையைத் தூக்கியிருந்தன. அவனைப் பார்ப்பதாகத்தான் முதலில் எண்ணினான். பிறகு புரிந்தது, அந்தக் கண்களின் கோடு அவன் தலைக்கு மேலே போனது.

வட்டம் ஓரிடத்தில் விலகி வழிவிட்டது. அந்த வழியாகப் பெரியது வந்தது.

பத்துக் கிளைக் கொம்பு. கழுத்து பீப்பாய்போல் இருந்தது. மரத்தடிக்கு வந்து, நிதானமாகத் திரும்பி, விலாவைக் காட்டி நின்றது. முன்னங்காலைக்கூட ஓர் அடி முன்னால் வைத்து இதயம் இருக்கும் இடத்தைத் திறந்து கொடுத்தது.

அப்போதுதான் வெர்னனுக்கு விளங்கியது. லோரெட்டாவின் மூன்று மான்களும் ஒரே அம்பில் விழுந்தவை. எதுவும் ஓடியதில்லை, ரத்தத் தடம் தேடி யாரும் அலைந்ததில்லை. அவள் வேட்டையாடவே இல்லை. அவளுக்குக் கொடுத்தார்கள். சுவரில் தொங்கும் தலைகள் எல்லாம் பரிசு. வேறொருவன் தந்த பரிசை என் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்து, அதன் கீழேதான் நான் சோறு தின்றுகொண்டிருந்தேன் என்று நினைத்தபோது அவன் கை தானாக நாணை இழுத்தது.

அம்பு போனது.

மான் துள்ளவில்லை. முழங்காலை மடித்து, பக்கவாட்டில் சாய்ந்து, கண் திறந்தபடி அடங்கியது. சுற்றி நின்றவை ஒன்றுகூட மிரளவில்லை.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவனுக்குச் சிரிப்பு வந்தது. என்னுது, என்று வாய்க்குள் சொன்னான்.

தலைக்கு மேலே யாரோ மூச்சு விட்டார்கள்.

நீளமான மூச்சு. வெதுவெதுப்பாக அது அவன் தொப்பியின் மேல் இறங்கியது. கூடவே வாடை. ஈரமண், கஸ்தூரி, மென்ற ஓக் கொட்டை. தலையணையின் வாடை. அந்த நேரத்திலும் அவனுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. இவன்தானா, என்றுதான் தோன்றியது. இவனா.

பிறகு பயம் வந்தது.

கீழே மான்கள் ஒவ்வொன்றாகப் பார்வையைத் தாழ்த்தின. மேலே இருந்ததை விட்டு, அவன்மேல். எல்லாக் கண்களும்.

தேய்ந்த கிளை முனகியது. பட்டைத் தூள் அவன் மணிக்கட்டில் உதிர்ந்தது. நிமிர்ந்து பார்க்கக் கூடாது. கொக்கியைக் கழற்ற வேண்டும். கை பின்னால் போனது. வார் விறைப்பாக இருந்தது. அதன் மறுமுனையை ஏதோ மிதித்துக்கொண்டிருந்தது.

ஈரமான மூக்கு ஒன்று கழுத்துத் துணியைத் தொட்டது. முகர்ந்தது. ஆசையாக, மெதுவாக, துணியின் மடிப்பு மடிப்பாக. வெர்னன் கண்ணை மூடிக்கொண்டான். மூக்கு காதுக்கு வந்தது. அங்கே நின்றது. மறுபடி முகர்ந்தது.

துணிக்குள் இருப்பது அவள் இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

வெயில் சோளக் கொல்லைக்குப் பின்னால் இறங்கும்வரை அவன் அசையவில்லை. அதுவும் அசையவில்லை. ஓடைப் பக்கம் சருகு மிதிபடும் ஓசை கேட்டது. லோரெட்டா. வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு, மான்களுக்கு நடுவே, கடைத்தெருவில் ஆட்களை விலக்கிக்கொண்டு வருபவளைப்போல் வந்தாள். செத்துக் கிடந்த மானைப் பார்த்தாள். மண்ணில் சிதறிக் கிடந்த கொட்டைகளைப் பார்த்தாள். ஒன்றைக் குனிந்து எடுத்துத் துடைத்தாள்.

"லோரெட்டா..." என்று கிசுகிசுத்தான்.

"உங்கிட்டச் சொன்னேன்ல, வெர்ன்."

பிறகு அவள் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து, அவனுக்கு மேலே பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது. அவனிடம் ஒருநாளும் காட்டாத முகம். குழைவாக, கெஞ்சலாகப் பேசினாள்.

"கோவிச்சுக்காத. வேற யாருமில்ல அவன். என் புருஷன்தான்."

பதிலாக எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள். இடையில் ஒருமுறை, "அப்படியெல்லாம் இல்ல," என்றாள். மறுபடி கேட்டாள்.

"சரி," என்றாள்.

மரத்தடியில் மண்டியிட்டாள். ஏணியின் கீழ்த்துண்டைக் கட்டியிருந்த வாரை அவிழ்த்தாள். அதற்கு மேலே இருந்ததையும். இரண்டு ஏணித் துண்டுகளையும் ஓசைப்படாமல் சேர்த்துக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"லோரெட்டா! ஏய்! லோரெட்டா!"

அவள் வீட்டுப் பக்கம் நடந்தாள். மான்கள் திரும்பி அவள் பின்னால் போயின. ஒன்றுகூட மிச்சமில்லை. கொல்லை ஓரத்தில் அவளுடைய சட்டை கொஞ்ச நேரம் வெள்ளையாகத் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

கிளை ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது. பாரம் இறங்கியது.

பின்னாலிருந்து ஒரு நீண்ட தாடை மெதுவாக வந்து வெர்னனின் இடது தோளில் அமர்ந்தது. சூடாக இருந்தது. கனமாக இருந்தது. அவன் கன்னத்தோடு கன்னம் உரச, அவசரமே இல்லாமல், அது அசைபோடத் தொடங்கியது.