அரிசி வாளியில் றேமண்ட்

"தம்பி, உன்ர வீட்டு அரிசி வாளி உறுமுது" என்று இரத்தினம்மா சொன்னபோது காலை ஏழு மணி. நாகேந்திரம் சவரம் முடித்து, ஒரு காதில் நுரையோடு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் சிவக்கொழுந்தின் அகப்பை ஒரு கணம் நின்று, பிறகு சொதிக்குள் மறுபடி சுழன்றது.

"வாளி எப்பிடி அக்கா உறுமும்?"

"எனக்குக் கண்தான் தெரியேல்லை. காது ரெண்டும் வடிவாய்க் கேக்குது. நேற்று ரெண்டு தரம். இண்டைக்கு விடிஞ்சாப்பிறகு ஒருக்கா. உவள் ஓடிப் போய் மூடியைத் திறந்து குனிஞ்சு நிக்கிறாள்... அரிசியோட ஆரும் கதைக்கிறவையோ?"

"பிறிட்ஜின்ர சத்தம் மச்சாள்" என்றாள் சிவக்கொழுந்து.

"பிறிட்ஜ் அங்கால. வாளி இஞ்சால. இந்தக் குடும்பத்துக்கு வந்து இருபத்தாறு வருசம், நீ பொய் சொல்லிப் பழகேல்லை. அதுதான் இப்ப வடிவாய் வருகுதில்லை."

சிவக்கொழுந்து பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பதில் அவளை மிஞ்ச வெள்ளவத்தையில் ஆள் கிடையாது. படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்ப்பதற்காகக் கணக்கு ரீச்சர் வேலையை விட்ட அன்றும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு வருடம் பார்த்து, அந்த மனுசி கண்ணை மூடிய பிறகு, "வேலையை விடச் சொல்லி ஆர் சொன்னது?" என்று இதே மச்சாள் கேட்ட அன்றும் சொல்லவில்லை.

கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் அவர்களுடைய வீடு. அது யுத்த காலம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து, அந்தத் தாளைக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட வேண்டும். தாளில் மூன்று பெயர்கள்: நாகேந்திரம், சிவக்கொழுந்து, இரத்தினம்மா. அரிசி வாளிக்குள் குடியிருந்த நாலாவது ஆளை மட்டும் பதியவில்லை. அவர் பெயர் றேமண்ட்.

றேமண்ட் பிறந்த கதையைச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

யாழ்ப்பாணப் பாதை பூட்டிய பிறகு இரத்தினம்மா கப்பலில் கொழும்புக்கு வந்து தம்பியோடு ஒட்டிக்கொண்டாள். இரண்டு கண்ணிலும் புரை. ரொறன்ரோவிலிருக்கும் மகன் தாயின் கண் ஒப்பரேசனுக்கென்று மாமனின் வங்கிக் கணக்குக்குக் காசு அனுப்பினான். நாகேந்திரம் ஓய்வுபெற்ற அரசாங்க இலிகிதர். வாழ்நாளில் ஒரு முத்திரையைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத நேர்மையாளர். ஆனால் பெருந்தெருவான காலி வீதியில் பாயிஸின் இன்ரநெற் கடைக்குள் நுழைந்துவிட்டால் அவர் வேறு ஆள். அவரும் ஸ்ரீஸ்கந்தராசாவும் இன்னும் மூன்று பென்சன்காரரும் ஒரே திரைக்கு முன்னால் ஐந்து நாற்காலி போட்டு, கடல் கடந்த ஏதோ ஒரு பந்தயத் தளத்தில் கிரிக்கெட்டுக்குக் காசு கட்டுவார்கள். வங்கி அட்டையின் இலக்கத்தைத் தட்டினால் போதும். அக்காவின் வலது கண் ஒரு உலகக் கிண்ணத்தோடு போயிற்று. இடது கண் அதற்கடுத்த மாதம், மழையால் நின்ற ஒரு ஆட்டத்தோடு போயிற்று.

"கண் டொக்டர் லண்டன் போட்டார் அக்கா" என்று நாகேந்திரம் சொல்லிவைத்தார். அந்த டொக்டர் ஒன்பது மாதமாகத் திரும்பி வரவில்லை.

வங்கியிலிருந்து வந்த கணக்குத்தாளைப் பார்த்து சிவக்கொழுந்து எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டாள். மச்சாளிடம் சொல்லலாம். சொன்னால் அவள் அடுத்த கப்பலில் யாழ்ப்பாணம் திரும்பிவிடுவாள். குருடாகச் சாவாளே தவிர, தம்பி வீட்டில் பிறகு ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். தன் கையால் தூக்கி வளர்த்த தம்பி. சிவக்கொழுந்து தாளை நாலாக மடித்துச் சேலைகளுக்கு அடியில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அரசாங்கம் உத்தரவு போட்டது. பத்திரிகையில் நாலே வரி. வெளிநாட்டுப் பந்தயத் தளங்கள் இனித் திறக்கா. வங்கி அட்டையால் அவற்றுக்குக் காசு கட்டவும் முடியாது. அடுத்த நாள் பாயிஸின் கடை செத்தவீடு போலிருந்தது. பாயிஸ் ஏதோ தூர தேசத்து வாசலால் சுற்றி உள்ளே போகப் பார்த்தான். போனான், ஆனால் வங்கி அட்டை வெளியே நின்றுவிட்டது. ஐந்து பேரும் வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். மூன்றாம் நாள், அந்தப் பக்கம் திரும்பத் திறக்குமா திறக்காதா என்று தங்களுக்குள்ளேயே பந்தயம் கட்டினார்கள். அதிலும் நாகேந்திரம் தோற்றார்.

புருசனின் பந்தயம் இதோடு ஒழிந்தது என்றுதான் சிவக்கொழுந்தும் முதலில் நினைத்தாள். ஒரு கிழமையில் தெரிந்துவிட்டது: உத்தரவு பந்தயத்தை நிறுத்தவில்லை, கட்டும் இடத்தைத்தான் மாற்றியது. மருதானையில் ஒரு முரடன் இரகசியமாகப் பந்தயம் எடுக்கிறானாம், காசு பிந்தினால் விரலை முறிப்பானாம் என்று ஸ்ரீஸ்கந்தராசா வந்து சொன்னதும், "விரல் பத்து இருக்குதானே" என்று நாகேந்திரம் சொன்னதும் அவள் காதில் விழுந்தன.

அன்று பின்னேரமே அவள் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். அங்கே யோசெப்பின் இருந்தாள். முந்தி அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள், பறங்கிக் கணவனை இழந்தவள்.

"றேமண்டின்ர சிம் இன்னும் இருக்கோ?"

"இருக்கு மேன். மனுசன் செத்து ஆறு வருஷம், நம்பரை வெட்ட மனசு வரல்ல. ஏன்?"

சிவக்கொழுந்து விஷயத்தைச் சொன்னாள். யோசெப்பின் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"கொண்டு போ. உசிரோட இருந்தப்ப ஒரு சல்லி உழைச்சுத் தரல்ல அந்த ஆள். இப்பவாவது வேலை செய்யட்டும்."

இரண்டு காப்பை அடகு வைத்து முதல் போட்டாள். பாயிஸுக்கு மட்டும் உண்மை சொன்னாள். "ஆண்டி, நீங்க சொன்னா சரி" என்று அவன் நம்பரை ஐந்து பேருக்கும் ஓதிவிட்டான். இப்படியாக, இறந்துபோன றேமண்ட் வெள்ளவத்தையின் மிக நாணயமான பந்தயக்காரர் ஆனார். பந்தயம் அரிசி வாளிக்குள் கிடக்கும் போனுக்குக் குறுஞ்செய்தியில் வரும், றேமண்டாகப் பதில் எழுதுவது அவள். சனிக்கிழமைகளில் பாயிஸின் கடையில் காசு உறை மாறும். வென்றவனுக்கு ஒரு மணித்தியாலம்கூடப் பிந்தாது. ஆனால் வெல்பவர்கள் குறைவு. வீதக் கணக்குப் போடுவதில் சிவக்கொழுந்து புலி. என்றாலும் வெற்றியில் கணக்கின் பங்கு பாதிதான். மிச்சப் பாதி, புருசன்மாரைத் தெரிந்திருப்பது. நாகேந்திரம் "கட்டாயம்" என்று எழுதினால் அந்த அணி தோற்கும். இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவையும் இது பிழைத்ததில்லை.

மற்ற நாலு பேரின் காசையும் அவள் தொடவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் அவரவர் பெண்சாதியின் அர்ச்சனைத் தட்டில், வெற்றிலைக்கு அடியில், அது உறையோடு போய்ச் சேர்ந்தது. ஐந்து பெண்கள் எட்டு மாதம் ஒரு இரகசியத்தைக் காத்தார்கள். அவர்களின் புருசன்மாராக இருந்தால் எட்டு நிமிசம் தாங்கியிருக்காது.

நாகேந்திரத்துக்கோ றேமண்டைப் பற்றிக் கதைத்து அலுக்காது.

"பறங்கி மனிசன். ஜென்டில்மன். இங்கிலீசில ஒரு கமா பிசகாது. உங்களுக்கு இந்த மாதம் ராசி சரியில்லை, கொஞ்சம் பொறுங்கோ எண்டு எழுதியிருக்கிறார், பாரும். உலகத்தில எந்தப் பந்தயக்காரன் அப்பிடிச் சொல்லுவான்?"

"நல்ல மனிசன்தான்" என்பாள் சிவக்கொழுந்து, மீன் வெட்டிக்கொண்டே.

ஒரேயொரு பிசகு நடந்தது. கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசமிருந்து, சூதுக் கையால் விளக்கைத் தொடக்கூடாதென்று அவள் றேமண்டின் கடையைப் பூட்டிவிட்டாள். பறங்கிக்காரன் கந்தசஷ்டிக்கு ஏன் பூட்டுகிறான் என்று ஐந்து பேரும் பாயிஸின் கடையில் கூடி ஆராய்ந்தார்கள். கடைசியில், தமிழ் வாடிக்கையாளருக்கு மரியாதை செய்கிறார் என்று முடிவாயிற்று. ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்தப் புதன்கிழமையோடு இரண்டு கண்ணுக்கும் காசு சேர்ந்தது. பொறளைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் கட்டிவிட்டு, அடுத்த வியாழனுக்கு நாளும் எடுத்தாகிவிட்டது. லண்டன் டொக்டரைத் திரும்பக் கூப்பிடுவது ஒன்றுதான் பாக்கி. அதற்குள் இரண்டாவது உத்தரவு வந்தது: மாதம் முடியமுன் எல்லோரும் அடையாள அட்டையோடு நேரில் போய்ச் சிம்மைப் பதிய வேண்டும். பதியாத சிம் அகப்பட்டால் விசாரணை. றேமண்டால் நேரில் போக முடியாது. அவர் கனத்தை மயானத்தில் இருந்தார்.

வாளி உறுமுவதாகச் சொன்ன அன்றே இரத்தினம்மா அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்டாள். கேட்டதும் எழும்பி, சுவரைத் தடவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சிவக்கொழுந்து வாசலில் மீன்காரனோடு நின்ற நேரம். முழங்கை வரை அரிசிக்குள் விட்டுத் துழாவினாள். கையில் சின்னப் போன் ஒன்று அகப்பட்டது. அகப்பட்ட அதே கணம் அது உறுமியது.

"தம்பி... ஓடி வா தம்பி. எங்கட குடி முழுகிப்போச்சு."

நாகேந்திரம் குளியலறையிலிருந்து, தன் போனைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டே வந்தார்.

"பார், உன்ர பெண்சாதியின்ர வேலையை. பதியாத போன். ஆமி வந்து பாத்தா மூண்டு பேரையும் ஏத்திக்கொண்டு போவான். அது மட்டுமே? விடிஞ்சு பொழுதுபட உதில ஆரோ அவளுக்கு எழுதுறான். ஆர் எண்டு பார்... வாசி. அவளுக்கு முன்னால வாசி."

மீன் சட்டியோடு சிவக்கொழுந்து வாசற்படியில் நின்றாள்.

நாகேந்திரம் கண்ணாடியை ஏற்றி வாசித்தார். வாசித்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: அன்பின் றேமண்ட், இன்றைக்குக் கட்டாயம்; இந்தியா வெல்லும்; என் சொல்லை நம்பும்; இப்படிக்கு நாகேந்திரம். இரண்டு நிமிசத்துக்கு முன் குளியலறைக்குள் நின்று அவரே தட்டிய செய்தி. கீழே தள்ளிப் பார்த்தார். எட்டு மாதமும் அதற்குள் இருந்தது.

"ஏன்டா வாய் அடைச்சுப் போச்சு? என்ன எழுதியிருக்கிறான் அந்த நாசமாப் போனவன்?"

"அக்கா..."

"சொல்லாத. சொல்ல நா கூசுதெண்டால் எனக்கு விளங்குது. இஞ்சேர் கொழுந்து, என்ர தம்பி சோறு போட்டது காணாதெண்டு வேறை ஆளோ உனக்கு? இந்த வீட்டில ஒண்டில் நீ, இல்லாட்டி நான்."

சிவக்கொழுந்து புருசனைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், அவள் வாய் திறந்தால் அக்காவின் கண்ணில் தம்பி செத்துப்போவான். வியாழனுக்கு ஐந்து நாள் இருந்தது. அவள் மீன் சட்டியை இறக்கி வைத்து, கையைக் கழுவி, உள்ளே போய் இரண்டு சேலையை ஒரு பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் கொட்டாஞ்சேனையில யோசெப்பினோட நிக்கிறன். வியாழக்கிழமை விடிய ஏழு மணிக்கு மச்சாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. துண்டுச்சீட்டு சாமித்தட்டில இருக்கு. காசு கட்டியாச்சு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்டும் குடுக்கக்கூடாதாம்."

"எந்தக் காசு?" என்றாள் இரத்தினம்மா. "என்ர பிள்ளை அனுப்பின காசு பாங்கில கிடக்குதுதானே. இவள் ஏன் கட்டினவள்?"

சிவக்கொழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். படியில் கால் வைத்தாயிற்று.

"நில்லும்" என்றார் நாகேந்திரம். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். பிறகு அக்காவின் காலடியில் நிலத்தில் சப்பாணி கொட்டி இருந்தார், அறுபத்திரண்டு வயது மனுசன்.

"அக்கா, பாங்கில ஒரு சதம் இல்லை. உங்கட கண்ணை நான் கிரிக்கெட்டில கட்டித் தோத்திட்டன். லண்டன் டொக்டர் எண்டு ஒருத்தரும் இல்லை. இந்தப் போனில எழுதிற நாசமாப் போனவன்... நான்தான்."

"என்னடா பினாத்துறாய்?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிக்கொண்டு போகும்போதுதான் அவருக்கே ஒன்றொன்றாய் விளங்கிற்று. பாதியில் நிறுத்தி வாசற்பக்கம் திரும்பினார்.

"கொழுந்து... அப்ப நான் இந்த எட்டு மாசமும் தோத்ததெல்லாம்?"

"உங்கட அக்காவின்ர கண்ணுக்கு."

"வெண்டது?"

"வெண்டதை நீங்களே செலவழிச்சிட்டியள்."

இரத்தினம்மா எழும்பினாள். முதலில் கையால் தம்பியின் தலையைத் தேடி ஒரு குட்டு வைத்தாள். அது கேட்கும்படியான குட்டு. பிறகு வாசலை நோக்கி நடந்தாள். சுவரைத் தடவவில்லை. இடையிலிருந்த கதிரையில் இடித்துக்கொண்டு, அதையும் தள்ளிவிட்டுப் போனாள். கையை நீட்டித் துழாவினாள். சிவக்கொழுந்தின் தோள் அகப்பட்டது.

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் போயிருப்பியள் மச்சாள்..."

"நான் வாயில வந்ததெல்லாம் சொன்னனே. வேறை ஆள் எண்டும் சொன்னனே. அப்பவும் நிண்டு கேட்டியே, கல்லுப் போல."

"கல்லில்லை மச்சாள்" என்றாள் சிவக்கொழுந்து. இருபத்தாறு வருடம் அழாததை எல்லாம் அந்தப் படியில் நின்று, மச்சாளின் கழுத்தில் முகம் வைத்து அழுதாள். இரத்தினம்மா அதைவிடச் சத்தமாக அழுதாள். மாடிப்படியில் ஏறிவந்த கீழ்வீட்டுச் சிங்கள மனுசி யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினாள்.

ஒரு வகையில் சரிதான். அன்று பின்னேரமே றேமண்ட் காலமானார். அரசாங்கத்தின் ஒரு உத்தரவில் பிறந்தவர் இன்னொரு உத்தரவில் போய்ச் சேர்ந்தார். "உடல்நலக் குறைவால் தொழிலை விடுகிறேன், நீங்களும் விடுங்கள்" என்று ஐந்து பேருக்கும் கடைசிச் செய்தி போனது. சிம்மை யோசெப்பின் இரண்டாய் வெட்டி, கனத்தையில் சொந்தக்காரரிடமே சேர்த்துவிட்டாள். பாயிஸின் கடையில் ஸ்ரீஸ்கந்தராசா இரண்டு நிமிச மௌனம் கேட்டார். நாகேந்திரமும் எழும்பி நின்றார். அப்படி ஒரு மனிதரை இனிக் காணக் கிடைக்காது என்று அவர் சொன்னதை நண்பர்கள் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் முகத்தில் இருந்தது பெருமை.

வியாழனன்று ஒரு கண். அடுத்த வியாழன் மற்றது. முதல் கட்டை அவிழ்த்த காலை, நர்ஸ் திரைச்சீலையைப் பாதி விலக்கினாள். இரத்தினம்மா முதலில் தன் கையைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்து, கட்டிலருகே நின்ற சிவக்கொழுந்தை நெடுநேரம் பார்த்தாள்.

"எடி கொழுந்து. உனக்கு எப்பயடி இவ்வளவு நரைச்சது?"

"தெரியேல்லை மச்சாள். பார்க்க நேரமில்லை."

"இஞ்சை வந்து இரு."

சிவக்கொழுந்து கட்டில் ஓரத்தில் முதுகு காட்டி இருந்தாள். இரத்தினம்மா தன் பைக்குள்ளிருந்து சீப்பை எடுத்து, அந்தக் கொண்டையை அவிழ்த்து, நுனியிலிருந்து மெல்லச் சிக்கெடுக்கத் தொடங்கினாள். "அம்மே, நெமென்ன எபா" என்று, குனிய வேண்டாமென நர்ஸ் சிங்களத்தில் அதட்டினாள். சிங்களம் தெரியாத இரத்தினம்மா "ஓம் பிள்ளை, ஓம்" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் குனிந்து வாரிக்கொண்டிருந்தாள்.