குகைக்கு மேலே ஒரு கம்பி வளையம்

காலை எட்டு மணிக்குச் செண்பகம் குகைக்குள் இறங்கினாள். பத்து மணிக்கு அடைமழை! பதினொரு மணிக்குக் குகை வாயையே காணவில்லை. செம்மண் தண்ணீர் அதை மூடியிருந்தது.

அந்தமான் காட்டில் குகைகளை அளக்க வந்தவர்கள் மூன்றே பேர். வழிகாட்டி பெர்னார்டு உதவி தேடிப் படகில் பாய்ந்தான். "நாளைக்கு மதியத்துக்குள்ள ஆளோட வந்துருவேன். நீங்க தண்ணிக்குள்ள இறங்கிராதீங்க!" என்று கத்தினான். படகின் சத்தமும் தேய்ந்தது. மேலே மிச்சம் ரெஜினா ஒருத்திதான்.

செண்பகத்திடம் ஒரு சின்னக் கருவி உண்டு. பாறையையும் ஊடுருவும் தாழ் அலையில் 'டிக், டிக்' என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்கும் பெட்டி ரெஜினாவிடம் இருந்தது. ஆனால் அலையைப் பிடிக்கும் வளைய ஆன்டெனாவை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

ரெஜினா கத்தியை எடுத்தாள். இரண்டு மூங்கில் கழிகளை வெட்டிப் பெருக்கல் குறியாகக் கட்டினாள். கூடாரத்து விளக்கு வயரை உருவி, கழிகளின் நான்கு முனைகளிலும் பள்ளம் செதுக்கி, பதினைந்து சுற்றுச் சுற்றினாள். நுனிகளைப் பெட்டியில் செருகிக் குமிழைத் திருகினாள். காதில் வெறும் இரைச்சல். இன்னும் கொஞ்சம் திருகினாள்.

டிக்!

அடிப்பது கருவிதான், செண்பகம் அல்ல; அவள் உயிரோடு இருக்கிறாளா என்று அது சொல்லாது. அது தெரிந்தும் ரெஜினா அழுதாள்.

கருவிக்கு நேர் மேலே போனால், நிமிர்த்திப் பிடித்த வளையத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் சத்தம் அடங்கிவிடும். அந்த இடத்தைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்; அங்கே பாறையில் பிளவு இருந்தால் கயிறு இறக்கலாம். துணைக்கு இருந்த ஒரே சத்தத்தையும் இழப்பதற்காக அவள் முள்ளிலும் சேற்றிலும் நடந்தாள்.

மூன்று மணிக்குச் சத்தம் நின்றது. எப்படித் திருப்பினாலும் இல்லை! 'பேட்டரி தீர்ந்துவிட்டதா?' நாலடி பின்னால் வைத்தாள்.

டிக்.

"இங்கதான்!" பெரணிச் செடிகளைப் பிடுங்கி எறிந்தாள். ஆள் நுழையும் அகலத்தில் ஒரு பிளவு! குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.

"செண்பா!"

"யக்கா! தண்ணி இடுப்புக்கு வந்துட்டு! கயிறு போடுங்க!"

மரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்து மேலே வந்த செண்பகம் வெகுநேரம் ரெஜினாவின் கையை விடவேயில்லை.

"கீழ நான் மட்டும்தான்னு நெனச்சேன்க்கா."

"மேலயும் அப்படித்தாம்ளா இருந்துச்சு."

மறுநாள் ஆட்களோடு வந்த பெர்னார்டு, கரையில் நின்ற இருவரையும் பார்த்துப் படகிலிருந்து தண்ணீரில் குதித்து ஓடிவந்தான்.

அதன்பின் எந்தக் குகைக்குப் போனாலும் ரெஜினா இரண்டு வளையங்கள் எடுத்துப் போனாள். மேலே காவலுக்கும் இரண்டு பேரை நிறுத்தினாள்.