ஆறாவது ஆணி

ஹார்லனின் அறைச் சுவரில் மாட்டியிருந்த பலகை வர மறுத்தது. லியோனா இரு கைகளாலும் பிடித்து இழுத்தாள். சுவருக்குப் பின்னால் இருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் அது முரண்டு பிடித்தது. பிறகு, போனால் போகட்டும் என்பதுபோல், சட்டென்று விட்டுக்கொடுத்தது.

சமையலறையில் துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹார்லனைக் காலையில்தான் புதைத்திருந்தார்கள்.

துக்க வீட்டுக்கென அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு கொண்டுவந்த, சூடு ஆறாத மெத்தைப் பையிலிருந்து பாத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, பலகையை உள்ளே செருகினாள். அமெரிக்காவின் ஆறாவது ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸின் முகம், வால்நட் மரத்தில் செதுக்கியது, முட்டை வடிவில். முதல் ஐந்து பேர் அவள் வீட்டிலும் இருந்தார்கள். ஆறாவது ஆணி மட்டும் வருஷக்கணக்கில் காலி. இந்தப் பலகை, பழம்பொருள் சந்தையில் அவள் கை படுவதற்கு முன் ஹார்லன் தட்டிக்கொண்டு போனது. அன்றிலிருந்து எப்போது பார்த்தாலும், "ஆணி சௌக்கியமா லியோனா?" என்பான்.

எந்தப் பலகையைத் தொட்டாலும் முதலில் பின்புறம் திருப்பிச் செய்தவரின் முத்திரையைப் பார்ப்பவள், இன்று பார்க்கவில்லை. அவசரம். உள்ளங்கையில் மரத்தின் வெதுவெதுப்பு.

கதவருகில் பக்கத்துப் பண்ணை டுவேன் வாயில் ரொட்டியோடு நின்றான். "பாவம் லியோனா. இனிமே யாரைப் பாத்து வயிறெரிவே?"

"ஒன்னைப் பாத்துதான். ஒனக்குத்தான் எவ்ளோ தின்னாலும் செரிக்குதே" என்றாள். பை கனத்தது. வந்தபோது இருந்ததைவிட.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் மாட்டினாள். ஆறு பேரும் பதவியேற்ற வரிசையில், ஒரே சுவரில். இனிப் பலகை சேகரிப்பவர்களின் கண்காட்சியில் ஹார்லனின் சுவரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். நெஞ்சு நிறைந்துபோய்ப் பின்வாங்கிப் பார்த்தவளுக்கு ஒன்று உறுத்தியது. மற்ற ஐந்தும் சுவரோடு ஒட்டியிருந்தன. இது மட்டும் ஒரு விரல் கனம் விலகி நின்றது.

அழுத்தினாள். பின்னால் ஏதோ மெத்தென்று அமுங்கியது. கையை எடுத்ததும் மறுபடி விலகியது. அறையில் மெழுகின் மணமும், தூசியின் மணமும், அவற்றுக்கு அடியில் எங்கோ லில்லிப் பூவின் மணமும், மழைக்குப் பின் வெட்டிய மண்ணின் மணமும் மெல்லப் பரவி, அவள் தொண்டையில் வந்து தங்கின.

போன் அடித்தது. தாழ்வாரத்துக்குப் போய் எடுத்தாள். ஹார்லனின் மனைவி தெல்மா.

"ஒன் பாத்திரம் அவரோட ரூம்ல கெடக்கு லியோனா. அடியில ஒட்டின டேப்புல ஒன் பேர் இருந்ததால தெரிஞ்சுது. அங்க என்ன பண்ணின?"

"சும்மா... கடைசியா ஒரு தடவை பாக்கலாம்னு."

"அங்க என்ன இருக்கு, அஞ்சுதான மாட்டியிருக்கு."

முதுகுக்குப் பின்னால், அறையில், மரத்தில் நகம் உரசும் ஓசை.

"அஞ்சா?"

"சொல்ல வேணாம்னு பாத்தேன். நீ மனசுல வச்சுக்காத. ஆறாவது ஒங்கிட்ட மட்டும் போகக் கூடாதுன்னு பிடிவாதமா சொல்லிட்டாரு. அதான் சவப்பெட்டியில அவர் நெஞ்சு மேல வச்சு, ரெண்டு கையையும் எடுத்து நானே அதைப் பிடிக்க வச்சேன். மூடி பூட்டுற வரைக்கும் பாத்துட்டுத்தான் வந்தேன்... லியோனா? லைன்ல இருக்கியா?"

லியோனா திரும்பினாள்.

ஐந்து பலகைகள் அசையவில்லை. ஆறாவது பலகையின் இரு ஓரங்களிலும், பின்னாலிருந்து, விரல்கள் வளைந்து பற்றியிருந்தன. வயதான விரல்கள். நகக்கண்ணில் ஈர மண். இடது கையில் கல்யாண மோதிரம்.

பிடி இறுகியது. மரம் முனகியது.

கோட்டோடு, போனை நழுவவிட்டு, லியோனா ஓடினாள். வாசலுக்கு அல்ல. பலகையை இரு கைகளாலும் பிடித்து, தன் பக்கம் இழுத்தாள்.

இந்த முறை அது விட்டுக்கொடுக்கவில்லை.